பவுடர்னா பவுடர்தான்

என் மகளின் 10-வது பிறந்தநாளுக்குக் கேக்கை நானே செய்யப்போகிறேன் என்று அறிவித்தபோது வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். மே மாதம், பாளையங்கோட்டை வெயில், பள்ளி விடுமுறை, புதிதாக வாங்கிய ஓ.டி.ஜி. அடுப்பு, இருபது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்திய திமிர். எல்லாம் ஒரே மதியத்தில் வந்து கூடியிருந்தன.

செய்முறை எதிர்வீட்டு அக்கா கொடுத்தது. டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவுக்கு அவர்கள் வீட்டு அடுக்களை ஜன்னல்தான் காலண்டர். அங்கிருந்து வெண்ணெய் மணம் வரத் தொடங்கினால் கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிடலாம். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரே தாள். முன்பக்கம் சாமான், பின்பக்கம் செய்முறை. மைதா இரண்டு கப், சர்க்கரை ஒன்றேகால் கப், வெண்ணெய் 200 கிராம், முட்டை நான்கு, பால் அரை கப், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், வெனிலா எசன்ஸ். பின்பக்கத்தில் கட்டளைகள். வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும். அடுப்பை முன்கூட்டியே சூடாக்க வேண்டும். மாவு சேர்த்தபின் அதிகம் கலக்கக் கூடாது. அரை மணி நேரம் கதவைத் திறக்கக் கூடாது. தாளைக் கையில் கொடுத்தபோது அக்கா வாய்மொழியாக ஒன்றைச் சேர்த்தார்கள்: "தம்பி, பவுடர்னா பவுடர்தான். வீட்ல கெடக்க சோடாவத் தூக்கிப் போட்டுராதிய."

சரிக்கா என்று தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் கிடந்த ஆப்ப சோடாவைத் தூக்கிப் போட்டேன்.

காரணம் இல்லாமல் இல்லை. மாவை அளந்து வைத்த பிறகுதான் பேக்கிங் பவுடர் வாங்க மறந்தது தெரிந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பேக்கிங் பவுடரில் வேலை செய்யும் சரக்கு சோடியம் பைகார்பனேட் என்பது எனக்குத் தெரியும். ஆப்ப சோடாவும் அதே சோடியம் பைகார்பனேட்தான். பிறகென்ன, இரண்டு டீஸ்பூனுக்கு இரண்டு டீஸ்பூன். ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் அடித்திருப்பேன்.

அடுப்புக்குள் போன பத்தாவது நிமிடத்தில் மாவு தட்டின் விளிம்பைத் தாண்டியது. அடுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மகள் "அப்பா, கேக்கு வளருது" என்று கைதட்டினாள். வளர்ந்தது வழிந்தது. வழிந்தது கீழே இருந்த சூட்டுக்கம்பியில் சொட்டிப் புகைந்தது. பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். புகையை விசிறிவிட்டு மூடினேன். மறுபடி பார்த்தபோது கேக்கின் நடுப்பகுதி, தண்ணீர் வற்றிய தெப்பக்குளம்போல உள்ளே இறங்கியிருந்தது. ஓரங்கள் மட்டும் கரைபோல நின்றன. மேலே கருத்த பழுப்பு, உள்ளே ஒரு மாதிரியான மஞ்சள். பிறந்தநாள்காரி முதல் துண்டை வாயில் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, தயங்கி, "சோப்பு வாடை அடிக்குப்பா" என்றாள்.

அவள் சொன்னது உவமை அல்ல. ஏறக்குறைய உண்மை.

ஆப்ப சோடாவை நம் அடுக்களை நூறு வருடமாக நம்புகிறது. இட்லி சோடா, சமையல் சோடா, சோடா உப்பு என்று ஊருக்கொரு பெயர். என் அம்மா ஆப்ப மாவில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குவாள். மாவு கண்ணெதிரே பொங்கி எழும். அதில் சோடா மட்டும் வேலை செய்யவில்லை. இரவெல்லாம் புளித்த மாவில் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அமிலமும் சோடாவும் சந்தித்த உடனே கார்பன் டை ஆக்சைடு பிறக்கிறது. அமிலம் தீர்கிறது, அதனால் அதிகப்படிப் புளிப்பும் தணிகிறது. சோடாவும் தீர்ந்துவிடுகிறது, அதனால் காரல் தங்குவதில்லை. வாயு மட்டும் மாவுக்குள் மிஞ்சுகிறது. ஆப்ப மாவில் சோடா கெட்டிக்காரத்தனமான சேர்மானம்.

என் கேக் மாவில் புளிப்பு எங்கே இருந்தது? பால், முட்டை, வெண்ணெய், சர்க்கரை, மைதா. ஒன்றிலும் சொல்லிக்கொள்ளும்படியான அமிலம் இல்லை. துணை கிடைக்காத சோடா அடுப்புச் சூட்டில் தனியாகவே சிதையும். அப்படிச் சிதையும்போது அதில் அடங்கியிருக்கும் கார்பன் டை ஆக்சைடில் பாதிதான் வெளியே வரும். மீதிப் பாதி சோடியம் கார்பனேட்டாக உள்ளேயே தங்கிவிடும். சோடியம் கார்பனேட்டுக்குக் கடையில் வேறு பெயர்: சலவைச் சோடா.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு டீஸ்பூன் ஆப்ப சோடா ஏறத்தாழ 10 கிராம். அது முழுவதும் சூட்டில் சிதைந்தால் 2.6 கிராம் கார்பன் டை ஆக்சைடும், ஒரு கிராம் சொச்சம் தண்ணீரும், 6.3 கிராம் சலவைச் சோடாவும் கிடைக்கும். வேகும் கேக்குக்குள் இருக்கும் சூட்டில் அந்த வாயு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் லிட்டர் இடத்தை அடைக்கும். அக்கா சொன்ன இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் தந்திருக்கக்கூடியது அதில் ஏறக்குறைய பாதி. தட்டு வழிந்தது இதனால்தான். துணி துவைக்கிற காரம் வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த மாவில் வெந்தால் நாக்கு அதைச் சோப்பு என்று அடையாளம் காண்பது இயல்பு. கொழுப்பும் காரமும் சூட்டில் சேர்ந்தால் சோப்பே உண்டாகும். என் கேக்கில் அது சிறிதளவு நடந்திருக்கும். மற்றபடி நாக்கில் பட்டது காரத்தின் சொந்தச் சுவை.

கருத்த நிறத்துக்கும் அதே காரம்தான் பொறுப்பு. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பேறும் வினையை 1912-இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார். முறுகிய தோசையின் ஓரத்திலும் வறுத்த காப்பிக்கொட்டையிலும் நடப்பது அதுவே. காரம் கூடினால் அந்த வினை வேகம் பிடிக்கும். உள்ளே தெரிந்த மஞ்சள் வேறு கதை. கோதுமை மாவில் இயல்பாகவே இருக்கும் சில நிறமிகள் காரம் பட்டால் மஞ்சளாகும். ஜப்பானியரின் ராமென் நூடுல்ஸ் மஞ்சளாக இருப்பது இப்படித்தான். அவர்கள் வேண்டுமென்றே காரநீர் சேர்க்கிறார்கள்.

பிறந்தநாள் அழுகையில் முடியாமல் இருக்க ஒரு வழி தோன்றியது. ஒரு துண்டைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டேன். தண்ணீர் செங்கல் நிறத்துக்கு மாறியது. ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் சிவக்கிறதே, அதே வித்தை. மஞ்சள் காரத்தில் சிவக்கும். காரத்தைத் தந்தது இங்கே சுண்ணாம்புக்குப் பதில் என் கேக். "அப்போ கேக்க வச்சே ஆரத்தி எடுக்கலாமாப்பா?" என்றாள். கடையில் வாங்கி வந்த மாற்றுக் கேக்கை வெட்டும்போது அவளுடைய தோழிகள் என்னுடையதைச் சுற்றிவந்து மஞ்சள்தூள் தூவி விளையாடினார்கள்.

பேக்கிங் பவுடர் என்ற பொருள் உலகத்தில் தோன்றியதற்கு இந்தச் சோப்பு வாடையும் ஒரு காரணம். 19-ஆம் நூற்றாண்டின் சமையற்காரர்கள் சோடாவுடன் புளித்த பாலைச் சேர்த்தார்கள். பால் எந்த அளவு புளித்திருக்கிறது என்பது அன்றன்றைக்கு மாறும். ஒரு நாள் புளிப்பு மிஞ்சும், ஒரு நாள் காரம் மிஞ்சும். தீர்வு, அமிலத்தையும் சோடாவையும் சரியான அளவில் உலர்நிலையில் கலந்து ஒரே டப்பாவில் அடைப்பது. ஈரம் பட்டால் டப்பாவுக்குள்ளேயே சண்டை தொடங்கிவிடும் என்பதால் இடையில் மாவுச்சத்தைக் காவலுக்கு நிறுத்துவது. பேக்கிங் பவுடர் இவ்வளவுதான். அதில் சோடா ஏறக்குறைய மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கு. மீதி அமில உப்பும் மாவுச்சத்தும். "அதே சரக்குதானே" என்று நான் நினைத்ததில் தவறு அந்த மீதியில் இருந்தது.

1843-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் இந்தக் கலவையைச் செய்தார். அவர் மனைவி எலிசபெத்துக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. முட்டையும் ஒத்துக்கொள்ளாது, அதற்காக அவர் 1837-இல் உண்டாக்கியதுதான் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடர். ஒரு மனிதரின் மனைவிப் பாசம் இரண்டு டப்பாக்களாக இன்றைக்கும் உலகக் கடைகளில் நிற்கிறது. அமெரிக்காவில் பிரச்சினை பணம். அமிலமாகப் பயன்பட்ட கிரீம் ஆஃப் டார்ட்டர் திராட்சை மதுத் தொட்டிகளில் படியும் பொருள். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எபென் ஹார்ஸ்ஃபோர்ட், எலும்பிலிருந்து கால்சியம் பாஸ்பேட் அமில உப்பு ஒன்றைத் தயாரித்து 1856-இல் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் வேதியியலாளர் லீபிக்கிடம் படித்தவர், எலும்பைக் கேக்குக்குள் கொண்டுவந்தார்.

எனக்குப் பிடித்தவர் மூன்றாமவர். ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரில் மருந்துக்கடை நடத்திய ஆகஸ்ட் ஓட்கர். 1891-இல் அந்தக் கடையை வாங்கியவர், பேக்கிங் பவுடரைச் சின்னப் பொட்டலங்களில் போட்டு விற்றார். ஒரு பொட்டலம் அரைக் கிலோ மாவுக்கு. கரண்டி வேண்டாம், அளவு வேண்டாம், பிரித்துக் கொட்டினால் போதும். மருந்துக் கடைக்காரருக்குத்தான் இந்த யோசனை வரும். ஒரு வேளைக்கு ஒரு மாத்திரை என்று பொட்டலம் கட்டிக் கொடுத்துப் பழகியவர், நோயாளி சீட்டைப் படிக்கமாட்டான் என்பதை அறிந்தவர். என்னைப்போன்ற ஆளை 1891-லேயே மனதில் வைத்து வியாபாரம் செய்திருக்கிறார்.

சோடா மட்டும்தான் என் தவறு என்று நினைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து அக்கா வந்து மிச்சமிருந்த துண்டைப் பிட்டுப் பார்த்தார்கள். தின்னவில்லை. வெட்டுமுகத்தில் இருந்த பெரிய பெரிய ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, "வெண்ணெய உருக்கியா ஊத்துனிய?" என்றார்கள்.

உருக்கவில்லை. அறை வெப்பநிலையில் வைத்திருந்தேன், எழுதியிருந்தபடியே. இங்கே ஒரு கேள்வி: யாருடைய அறை? கேக் செய்முறைகளில் இந்தச் சொற்றொடர் குளிர்நாட்டு அடுக்களைகளில் பிறந்தது. அங்கே அறை என்றால் 18, 20 டிகிரி. வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழியும், ஆனால் வழியாது. பாளையங்கோட்டையில் மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு என் அடுக்களை 36 டிகிரி. பால்கொழுப்பு 32-லிருந்து 35 டிகிரிக்குள் உருகி முடிந்துவிடும். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தேன், கட்டளையின் நோக்கம் வழிந்து ஓடிவிட்டது. (அக்கா டிசம்பரில் செய்பவர்கள். அவர்கள் அறையில் அந்த வரி சரியாகவே இருந்திருக்கும்.)

வெண்ணெய் ஏன் குழைவாக இருக்க வேண்டும்? சர்க்கரையோடு சேர்த்து அடிக்கத்தான். சர்க்கரைப் பரல்களின் கூரிய விளிம்புகள் குழைந்த கொழுப்பைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே இழுக்கின்றன. கொழுப்பில் இருக்கும் நுண்ணிய படிகங்கள் அந்தக் காற்றைக் குமிழிகளாகப் பிடித்து வைக்கின்றன. அடிக்க அடிக்க மஞ்சள் வெண்ணெய் வெளுப்பது குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால். உருகிய வெண்ணெயில் படிகம் இல்லை; எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. மறுபடி குளிர்பெட்டியில் வைத்து இறுக்கினாலும் பழைய வெண்ணெய் திரும்பாது. ஒருமுறை உருகி உறைந்தால் படிகங்களின் அமைப்பே வேறாகிவிடும்.

அந்தக் காற்றுக் குமிழிகள் எதற்கு, பேக்கிங் பவுடர்தான் வாயு தருகிறதே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பேக்கிங் பவுடர் ஒரு புதுக் குமிழியைக்கூட உண்டாக்குவதில்லை என்பது இந்த விபத்துக்குப் பிறகு நான் படித்தவற்றில் என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது. அது ஏற்கெனவே இருக்கும் குமிழிகளை ஊதிப் பெரிதாக்குகிறது, அவ்வளவே.

கடையில் உப்புப் போட்ட எலுமிச்சை சோடா குடித்திருப்பீர்கள். திறந்து வைத்த சோடா அமைதியாக நிற்கும். உப்பைப் போட்ட கணத்தில் குபுக்கென்று பொங்கும். கரைந்திருக்கும் வாயு திரவத்தின் நடுவில் தானாகக் குமிழியாக முடியாமல் தவிக்கிறது. குமிழி எவ்வளவு சிறியதோ அவ்வளவு அதிகமாகத் திரவத்தின் மேற்பரப்பு விசை அதை நசுக்கும். ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு குமிழி பிறக்க வேண்டுமானால் அசாத்தியமான அழுத்தம் வேண்டும். உப்புப் பரலின் சொரசொரப்பில் ஒட்டிக்கொண்டு வரும் காற்றுத் துணுக்கு கிடைத்தால் போதும், வாயு முழுவதும் அங்கே ஓடிப்போய்ச் சேரும். கேக் மாவிலும் இதே நிலைதான். சோடாவோ பவுடரோ வெளியிடும் வாயு, வெண்ணெய் பிடித்து வைத்த காற்றுத் துணுக்குகளைத் தேடிப் போகிறது. ஆயிரக்கணக்கில் இருந்தால் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொண்டு மெல்லிய பஞ்சாகும். என் மாவில் துணுக்குகள் குறைவு, வாயுவோ இரண்டு மடங்கு. கிடைத்த சில குமிழிகளுக்குள் எல்லாம் புகுந்து, அவை பலூனாகி, ஒன்றோடொன்று சேர்ந்து மேலே ஏறி உடைந்தன. அக்கா பார்த்த ஓட்டைகள் அவை போன வழி.

தூத்துக்குடி மக்ரூன் போடுகிறவர்களுக்கு இது கைப்பாடம். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப் பொடி. சோடாவும் இல்லை, பவுடரும் இல்லை. வெள்ளைக்கருவை அடித்து ஏற்றிய காற்றே மொத்த மூலதனம். மஞ்சள் கரு ஒரு துளி விழுந்துவிட்டால் அதிலுள்ள கொழுப்பு நுரையைக் கெடுக்கும் என்பதால் கரு பிரிப்பதில் அத்தனை கவனம்.

சரி, கதவு. அரை மணி நேரம் திறக்கக் கூடாது என்பதை நான் மூடநம்பிக்கை வகையில் சேர்த்திருந்தேன். வெந்துகொண்டிருக்கும் கேக்கை நுரை என்று எண்ணிக்கொள்ளுங்கள். குமிழிகளின் சுவர் முதலில் வெறும் ஈரமாவு. அது கெட்டிப்பட இரண்டு காரியம் நடக்க வேண்டும்: முட்டைப் புரதம் உறைவது, மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்துக் கூழாவது. வெறும் தண்ணீரில் கோதுமை மாவுச்சத்து 60 டிகிரியைத் தாண்டியதும் கூழாகத் தொடங்கும். கேக்கில் அவ்வளவு சர்க்கரை இருப்பதால் அது தாமதமாகி 80 டிகிரிக்கு மேலே போய்விடும். இந்தத் தாமதம் நல்லதுதான். சுவர் இறுகுவதற்கு முன் குமிழிகள் விரிய அவகாசம் கிடைக்கிறது. இனிப்புக் குறையட்டும் என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைப்பவர்களின் கேக் உப்பாமல் இறுகிப்போவதற்கு இது ஒரு காரணம். ஆனால் அந்த அவகாசத்தில் கேக் முழுக்க முழுக்க வாயுவின் தயவில் நிற்கிறது. ஓரம் தகரத்தை ஒட்டியிருப்பதால் முதலில் வேகும், நடுப்பகுதி கடைசியில். நான் கதவைத் திறந்தபோது சூடான காற்று வெளியே ஓடியது. குமிழிக்குள் இருந்த நீராவி குளிர்ந்து தண்ணீரானது, மீதி வாயு சுருங்கியது. ஓரம் கெட்டிப்பட்டிருந்ததால் நின்றது. நடு இன்னும் கூழாகாத மாவு. உட்கார்ந்துவிட்டது.

முன்கூட்டியே சூடாக்கு என்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்: குளிர்ந்த அடுப்பில் வைத்தால் வாயு முன்னால் ஓடிவிடும், சுவர் பின்னால் இறுகும். அதிகம் கலக்காதே என்பது மைதாவின் குளூட்டன் புரோட்டா மாவுபோல இழுபடாமல் இருக்க. புரோட்டாவுக்கு அடித்துத் துவைக்கிறோம், கேக்குக்கு விட்டுவிடுகிறோம்.

அடுப்பில்லாத வீடுகளில் பிரஷர் குக்கரில் கேக் செய்வார்கள். அடியில் மணலோ உப்போ பரப்பி, தண்ணீர் விடாமல், விசிலையும் காஸ்கட்டையும் கழற்றிவிட்டு என்று சொல்லித் தருவார்கள். இதில் எதையும் மாற்றாதீர்கள். மணல், அடித் தகரத்தின் சூடு தட்டை நேராகத் தாக்காமல் பரப்பிக் கொடுக்கிறது. கேக்கிலிருந்து எழும் ஆவி விசில் துளை வழியாக வெளியேற வேண்டும். அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். கேக்கும் ஆவியில் வெந்து இட்லிக்கு உறவாகிவிடும். தண்ணீர் இல்லாத சூட்டில் ரப்பர் காஸ்கட் கெட்டுப்போய்விடும் என்பது மூன்றாவது காரணம்.

ஏன் நம் சாம்பாருக்கு இத்தனை கெடுபிடி இல்லை? என் அம்மா எதையும் அளந்து பார்த்ததில்லை. ஆழாக்கும் உழக்கும் வீட்டில் இருந்தன, அரிசிக்கு மட்டும். உப்பு கூடினால் ஒரு உருளைக்கிழங்கு, புளி கூடினால் கொஞ்சம் வெல்லம், நீர்த்துப்போனால் அரிசிமாவுக் கரைசல். கரண்டியை உள்ளங்கையில் தட்டி நக்கிப் பார்த்து இறக்கும் வரைக்கும் திருத்திக்கொண்டே இருப்பாள். கேக்கில் தட்டை உள்ளே வைத்துக் கதவை மூடிய பிறகு திருத்த எதுவும் இல்லை. பச்சை மாவை நக்கிப் பார்த்தாலும் சலவைச் சோடா தெரியாது. அது இன்னும் பிறக்கவில்லை. நான் அம்மாவின் கைப்பழக்கத்தை, அது செல்லுபடியாகாத அடுப்புக்குக் கொண்டுபோனேன்.

மேல்நாட்டிலும் ஒரு காலத்தில் கைக்கணக்குதான். பழைய ஆங்கிலச் சமையல் நூல்களில் முட்டை அளவு வெண்ணெய் என்று எழுதியிருப்பார்கள். கரண்டியைக் கத்தியால் வழித்துத் தலை தட்டி அளக்க வேண்டும் என்பதைச் சட்டமாக்கியவர் பாஸ்டன் சமையற்பள்ளியின் ஃபேனி ஃபார்மர். அவருடைய நூல் 1896-இல் வந்தது. கப் அளவு இன்றும் முழுதாக நம்பத்தக்கது அல்ல. மைதாவை மெல்லத் தூவி நிரப்பிய கப் 120 கிராம், டப்பாவுக்குள் விட்டு அள்ளி அமுக்கிய கப் 150 கிராம்கூட வரும். தராசு வாங்குங்கள் என்பேன். நான் வாங்கிவிட்டேன்.

இவ்வளவும் சொன்னதால் கட்டளையை மீறவே கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால்தான். அதே அளவு வாயு அங்கே கூடுதலாக விரியும். தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சமவெளிச் செய்முறையை அப்படியே பின்பற்றினால், தவறே செய்யாமல் என் கேக்கின் தங்கையைப் பெறலாம். அங்கே பவுடரைக் குறைக்க வேண்டும், மாவையும் நீரையும் சற்றுக் கூட்ட வேண்டும்.

தலச்சேரியில் இன்னொரு மீறல் நடந்திருக்கிறது. 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி, இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றை மம்பள்ளி பாபு என்ற பிஸ்கட் தயாரிப்பாளரிடம் கொடுத்து, இதேபோல் செய்து தா என்றார். மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படியும் சொன்னதாகப் பாபுவின் குடும்பத்தார் சொல்கிறார்கள். பாபு பிராந்தியை விட்டுவிட்டு முந்திரிப்பழமும் கதலிப்பழமும் சேர்த்துக் காய்ச்சிய உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார். பிரவுன் தின்று பார்த்து இன்னும் ஒரு டஜன் கேட்டார். கட்டளையை மீறிய கேக் வென்றது. ஆனால் பாபு மாற்றியது மணம் தரும் சாராயத்தை. இன்னொரு சாராயம் அந்த இடத்தில் உட்காரும். அதோடு அவர் பிழைப்பே மாவும் அடுப்பும். எதை அசைத்தால் கட்டடம் விழாது என்று அவர் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் உருவியது அடித்தளக் கல்லை.

ஜூன் பிறந்து பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்தேன். வெண்ணெயைப் பானைத் தண்ணீரில் மிதக்கும் கிண்ணத்தில் வைத்து, விரல் குழியும் பதத்தில் எடுத்தேன். சர்க்கரையோடு வெளுக்கும்வரை அடித்தேன். பவுடரைத் தராசில் நிறுத்தேன். அடுப்பு முன்பே சூடேறிக் காத்திருந்தது. அரை மணி நேரம் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு மகளைக் காவலுக்கு உட்கார வைத்தேன், என்னிடமிருந்து காப்பாற்ற. வந்தது கேக். குழி இல்லை, புகை இல்லை, பொன்னிறம், பஞ்சு. மஞ்சள்தூள் சோதனையிலும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

ஆறின சூட்டோடு ஒரு துண்டை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்கள். நல்லா எழும்பியிருக்கு தம்பி என்றார்கள். இன்னொரு விள்ளல் எடுத்தார்கள். பிறகு, "இனிப்பு ஒரேடியாத் தூக்கலா நிக்குத. உப்புப் போடலியோ?"

வீட்டுக்கு வந்து தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், கடைசி வரிக்கு முந்தின வரி. ஒரு சிட்டிகை உப்பு. பக்கத்தில் அடிக்கோடும் போட்டிருந்தார்கள்.